குடை இறங்கும்வரை

"நான் வரலை" என்றார் சுடலைமணி. சொல்லிக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

பாலம்மாள் கவனித்தும் கவனிக்காதவள் மாதிரி இட்லித் தட்டில் மாவை ஊற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற மனுஷன்தானே! வாய் ஒரு திசையில் போனால் கை வேறு திசையில் போகும். கையைத்தான் நம்ப வேண்டும்.

"வராட்டா போங்க. நான் மட்டும் போறேன். 'ஒங்க அண்ணனுக்கு ஷூ தொடைக்கிற வேலை கெடக்கு'ன்னு மாரிச்செல்விகிட்ட சொல்லிருதேன்."

"நக்கல் பண்ணுதியாட்டி?"

"நான் எதுக்கு நக்கல் பண்ணுதேன்? மீசைக்கும் மை போட்டாச்சு போலிருக்கே. அதையும் சேத்துச் சொல்லவா?"

சுடலைமணி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

முந்தாநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த பாலம்மாள்தான் இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். குற்றாலம் போகிற ரோட்டில் சீசனுக்கு ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கிறது. அதில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பறக்கிற ஜெயபிரியா வேறு யாருமில்லை, சுடலைமணியின் ஒரே தங்கை மாரிச்செல்வி பெற்ற மகள்.

மாரிச்செல்வி சர்க்கஸ்காரன் பாண்டிராஜைக் கட்டிக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றைக்கு அண்ணன் வாயிலிருந்து வந்து விழுந்த வார்த்தைகளை, இந்தக் கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: "எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்பதுதான் அவற்றில் மிகவும் மென்மையானது.

அந்த சர்க்கஸில் டிரம்ஸ் வாசிக்கிற ஆள் அருவிப் பாறையில் பாசி வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அருவிக்கரையில் எதிர்ப்பட்ட மாரிச்செல்வி பாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணன் வந்து வாசிப்பானா மதினி?"

சுடலைமணி ஆயுதப்படை போலீஸ் பேண்டில் சைடு டிரம் வாசித்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். குடியரசு தின அணிவகுப்பில் அவர் கை ஒரு தட்டுகூடப் பிசகியதில்லை. ஓய்வு பெற்றபிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசை, பஸ் கம்பி, பாலம்மாளின் ரேஷன் அரிசி டப்பா என்று எதையாவது தட்டிக்கொண்டே இருந்தது. பாவம், அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"எட்டரை பஸ்ஸுக்குப் போனாத்தான் கூட்டமில்லாம இருக்கும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பாலம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இட்லியை எடுத்தாள்.

* * *

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கோயில் வாசலைத் தாண்டும்போது வழக்கம்போல காற்று ஆளைத் தள்ளியது. பஸ்ஸில் சுடலைமணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. சாரல் முகத்தில் அடித்தும் அவர் ஷட்டரை இறக்கவில்லை.

பாலம்மாளின் மடியில் தூக்குவாளி நிறையக் கூட்டாஞ்சோறு, கையில் நீளக் காம்பு வைத்த கறுப்புக் குடை. மாரிச்செல்விக்குக் கூட்டாஞ்சோறு என்றால் உயிர். அதை அவர் மறந்திருப்பார் என்று இவள் நினைத்திருந்தாள். இல்லை. காலையில் முருங்கைக்கீரை உருவிப் போட்டது அவர்தான்.

கூடார வாசலில் மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ, சேலைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது.

"வாண்ணே" என்றாள்.

சுடலைமணி அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தார். அங்கே மேடையில் டிரம்ஸ் இருந்தது. நேராக அதனிடம் போய், விரலால் சுண்டிப் பார்த்து, "தோல் தளந்து கெடக்கு" என்றார். தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். டிரம்ஸிடம் பேசியதாக வைத்துக்கொண்டாலும் சரிதான்.

மாரிச்செல்வி மதினியைப் பார்த்தாள். மதினி கண்ணைக் காட்டினாள். வந்திருக்கிறாரே, அதுவே பெரிசு என்று அர்த்தம்.

கூடாரத்தின் மறுபுறம் பாண்டிராஜ் வலையின் கயிறுகளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தலையை மட்டும் ஆட்டினார். திரும்பவும் கயிற்றைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

"பாத்தியா?" என்று சுடலைமணி பல்லைக் கடித்தார். "கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட முடியல அவனுக்கு. அவன் கூடாரத்துக்கு நான் வரணும், ஆனா அவன் கை தூக்க மாட்டான்!"

"சத்தம் போடாதிய. புள்ள வருது" என்றாள் பாலம்மாள்.

ஜெயபிரியா மேலே கட்டியிருந்த கயிற்று ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அம்மாவின் மூக்கு, அப்பாவின் தோள். வந்த வேகத்தில் சுடலைமணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் ஆசி சொல்ல வாயைத் திறந்தார். வெறுமனே தலையில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"மாமா, வேலை ரொம்ப சுலபம்" என்றாள் அவள். "நான் இந்த ஊஞ்சல்ல ஆடுவேன். அப்பா எதிர் ஊஞ்சல்ல தலைகீழாத் தொங்குவாங்க. நான் ஆட ஆரம்பிச்சதும் நீங்க டிரம்ஸ்ல குச்சியை உருட்டணும். விடாம உருட்டணும். அப்பா தயாரானதும் உருட்டை நிறுத்தணும். உருட்டு நின்னா நான் கையை விட்டுருவேன். அப்பா பிடிச்சதும் சிம்பல் தட்டுல ஒரு அடி. அவ்வளவுதான்."

"ஒங்க அப்பா தயாராயிட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"ஆடுற வேகத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. காதுலதான் தெரியும்."

அவளும் அப்பாவும் அவரவர் ஊஞ்சலுக்கு ஏறியதும் சுடலைமணி குச்சிகளை எடுத்தார். அந்தக் கணத்தில் அவர் முகமே மாறிப்போனது. தோள் நிமிர்ந்தது, தாடை இறுகியது, பார்வை நேராகப் போய் எதிர்க் கம்பத்தில் நின்றது. உருட்டு எழுந்தது. கூடாரத்தில் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு உருட்டை அந்த சர்க்கஸ் கேட்டதில்லை. ஒரு தட்டு தனியாகத் தெரியாமல், கொட்டுகிற தண்ணீர் மாதிரி ஒரே சத்தம்.

பிறகு அது டக்கென்று நின்றது.

மேலே ஜெயபிரியாவின் ஒரு கை ஊஞ்சலை விட்டுவிட்டது. மறு கையால் எப்படியோ பிடித்துத் தொங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். எதிரே பாண்டிராஜ் இன்னும் பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! அவரு இன்னும் வரவே இல்லயே!" என்று மாரிச்செல்வி கத்தினாள்.

"பதினாறு எண்ணி நிறுத்தணும். அதான முறை?" என்றார் சுடலைமணி.

போலீஸ் பேண்டில் அதுதான் முறை. அங்கே உருட்டுக்கு அளவு உண்டு. எஸ்.பி. வந்தாலும் வராவிட்டாலும் பதினாறில் முடிந்தாக வேண்டும். அங்கே யாரும் ஆகாயத்தில் தொங்குவதில்லை.

மறுபடி ஒருமுறை. மறுபடி பதினாறு. எண்ணாதே என்று சொன்னாலும் அவர் கை எண்ணியது. மனுஷன் வேண்டுமென்றா செய்கிறார்? இத்தனை வருஷத்துப் பழக்கம், எலும்பில் ஏறியிருக்கிறது.

"மேல பாத்து வாசிண்ணே. அவரைப் பாத்தா தன்னால தெரியும்."

மேலே பார்த்தார். உச்சியில், தார்ப்பாயை ஒட்டி, அந்தப் பெண் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே வலை இருப்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் காலையில்தான் முதன்முதலாகத் தலையில் கை வைத்த பிள்ளை. குச்சிகள் கையிலேயே நின்றுபோயின. சர்வீஸில் ஒருநாளும் நடக்காதது நடந்துவிட்டது.

சுடலைமணி குச்சிகளைக் கீழே வைத்தார். "என்னால ஆகாது. வேற ஆளைப் பாருங்க."

மேனேஜருக்கு நல்லதாகப் போயிற்று. "நான் அப்பவே சொன்னேனே. ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டுட்டுப் போவோம். நாலு மணி ஆட்டத்துக்கு இப்பவே டிக்கெட் முடிஞ்சாச்சு" என்றார்.

"பாட்டுப் பெட்டி அப்பாவுக்காகக் காத்திருக்குமா?" என்று ஜெயபிரியா மேலிருந்தே கேட்டாள். "போன ஊர்ல டிரம்ஸ் அண்ணன் வராத அன்னைக்கு அதை நம்பித்தானே வலையில விழுந்தேன். பெட்டி வாசிச்சா நான் ஏறமாட்டேன்."

ஊஞ்சல் விளையாட்டு இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு சர்க்கஸில் இடம் இல்லை. மேனேஜர் அதைச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது போதுமாயிருந்தது.

சுடலைமணி ஷூ சத்தம் கேட்க வாசலை நோக்கி நடந்தார். பாலம்மாள் குறுக்கே போய் நின்றிருப்பாள். அதற்குள் அவள் கையிலிருந்த குடையை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள்.

"அண்ணே, நில்லு!"

மாரிச்செல்வி மடக்கிய குடையைத் தலைக்குமேல் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். பேண்டுக்கு முன்னால் வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்து நடப்பாரே மேஜர், அதே பிடி. சின்ன வயசில் அண்ணனோடு அணிவகுப்புப் பார்க்கப் போய்விட்டு வந்து, வீட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருவையே சுற்றியவள் அவள்.

"நீ மேல பாக்க வேண்டாம். எண்ணவும் வேண்டாம். மேஜர் கோலை எறக்காம ஒருநாளாவது உருட்டை நிறுத்திருக்கியா?"

"அது எப்படி நிறுத்த முடியும்?"

"அப்ப இதான் கோலு. இது மேல இருக்கத்தண்டியும் உருட்டு. எறக்கினா நிறுத்து. திரும்ப ஆட்டுனா சிம்பல். அவரை நான் பாத்துக்கிடுதேன். நீ என்னைப் பாரு."

என்னைப் பாரு என்று சொன்னபிறகுதான் அவளுக்கே தான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது.

சுடலைமணி திரும்பினார். திரும்பி, பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கோபம் வந்தால் துடிக்கிற அந்த மேலுதடு மட்டும் அப்படியே இருந்தது. இந்த முகத்தையா இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தார். போய் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தார்.

தங்கையின் உத்தரவுக்கு அண்ணன் கட்டுப்பட்டார். மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள். மூன்று முறையும் பெண் பத்திரமாக அப்பாவின் கையில் போய்ச் சேர்ந்தாள்.

* * *

மத்தியானம் கூட்டாஞ்சோறு காலியானது. மாரிச்செல்வி ஒரு வாய் சாப்பிடுவாள், ஒரு மூக்குச் சிந்துவாள். "காரம் கூடிப்போச்சு மதினி" என்றாள். "ஆமாமா, காரம்தான்" என்றாள் பாலம்மாள். காரமே இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பாண்டிராஜ் சாப்பிட அங்கே வரவில்லை. தட்டைத் தன் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். சுடலைமணி அதையும் கணக்கில் வைத்துக்கொண்டார்.

நாலு மணி ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அருவியில் குளித்த எண்ணெய்த் தலைகளும், ரம்புட்டான் பழப் பொட்டலங்களும், தோளில் தூங்குகிற குழந்தைகளுமாகக் கேலரி நிரம்பி வழிந்தது. பாலம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஆய்க்குடிக்காரப் பெண்மணியிடம், "டிரம்ஸ் அடிக்காகள்லா, அவுக எங்க வீட்டுக்காரக. மேல ஆடப்போறது எங்க நாத்தனா மக" என்று கேட்காமலே சொல்லி முடித்திருந்தாள்.

கோமாளிகள் போனார்கள். விளக்குகள் அணைந்து உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. மாரிச்செல்வி மேடைக்கு முன்னால் வந்து நின்று குடையை உயர்த்தினாள்.

உருட்டு தொடங்கியது.

ஜெயபிரியா ஆடினாள். ஒருமுறை போனாள், வந்தாள். இரண்டாவது முறை போனாள், வந்தாள். ஒத்திகையில் இந்த இடத்தில் குடை இறங்கியிருந்தது. இப்போது இறங்கவில்லை.

சுடலைமணி உருட்டினார். குடை நின்றது. கேலரியில் யாரோ விசில் அடித்தார்கள். "ஏலே, எப்பல தாவுவா?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது. அவருக்கு முழங்கைக்குக் கீழே சூடு ஏறியது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஓரத்தில் மேனேஜர் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார். நிறுத்து, முடி என்று அர்த்தம். சுடலைமணிக்கு அது தெரிந்தது. ஆனால் மேனேஜர் கையில் குடை இல்லை.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு முணுமுணுத்தது. அது எண்ணிக்கை இல்லை. ஆய்க்குடி முருகனைக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. குடை பிடித்த கை இறங்கவில்லை. ஏதோ சரியில்லை. மேலே பார்த்துவிடு என்று மனசு சொன்னது. பார்த்தால் கை நிற்கும் என்பதும் தெரியும். பார்க்கவில்லை. உருட்டினார். கை கழன்று விழுந்தாலும் விழட்டும் என்று உருட்டினார்.

குடை இறங்கியது.

அந்த அமைதி முடியவே முடியாது போலிருந்தது. பிறகு குடை துள்ளியது. அவர் சிம்பலை அடித்த அடியில் குச்சியின் நுனி தெறித்துப் போனது.

கைதட்டலில் தார்ப்பாய் அதிர்ந்தது. பாலம்மாள் ஆய்க்குடிக்காரப் பெண்மணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாளும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து அழுதாள்.

* * *

கூட்டம் கலைந்ததும் மாரிச்செல்வி கூடாரத்தின் பின்னால் அண்ணனைக் கூட்டிப்போனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சாரல் விட்டிருந்தது.

"எதுக்குட்டி அவ்வளவு நேரம்?" என்றார் சுடலைமணி, மணிக்கட்டைத் தடவியபடி.

"அவருக்கு வலது தோளு போயிட்டுண்ணே." அவள் மிக மெதுவாகச் சொன்னாள். "மழை வந்தா ரொம்ப மோசம். வலி விட்டு விட்டு வரும். அது கொஞ்சம் அடங்கினாத்தான் கையில பிடி நிக்கும். அடங்கினதும் எனக்குத் தலையை ஆட்டுவாரு. இன்னைக்கு அடங்கவே இல்ல."

சுடலைமணிக்குக் காலையில் உயராத கையும், தனியாகப் போன சாப்பாட்டுத் தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப ஒனக்கு. மேனேஜருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே அனுப்பிருவாரு. புள்ளைக்குத் தெரிஞ்சா அவ தாவமாட்டா."

"பழைய டிரம்ஸ்காரனுக்கு?"

"தெரியாது. கூட்டம் கத்துனா அவன் நிறுத்திருவான். ஒவ்வொரு ஆட்டத்துலயும் எனக்கு உசுரு போய் உசுரு வரும். அவன் கை ஒடைஞ்சதுன்னு கேட்டதும், தப்புதான், எனக்கு மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. யாரு கத்தினாலும் கோலு எறங்காம உருட்டை நிறுத்தாத ஆளு ஒலகத்துல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தாண்ணே."

அவ்வளவு நேரம் தேக்கி வைத்த அழுகை அவளுக்கு உடைந்தது. சுடலைமணி கைக்குட்டையைத் தேடினார். அதில் பாலிஷ் கறை இருந்தது. பரவாயில்லை என்று அதையே கொடுத்தார்.

"இது ரொம்ப நாளைக்கு ஓடாது, தெரியுமில்லா?" என்றார்.

"தெரியும். நாளைக்கு மூணு ஆட்டம் இருக்கு."

சுடலைமணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எங்க அவரு?" என்று கேட்டார். 'அவன்' என்பது 'அவர்' ஆகிவிட்டது அவருக்கே தெரியவில்லை.

மாரிச்செல்வி வரிசையில் கடைசிக் கூடாரத்தைக் காட்டினாள்.

படுதாவுக்கு வெளியே நின்று சுடலைமணி தொண்டையைச் செருமினார். கூப்பிட வேண்டிய வார்த்தை வாயில் வர மறுத்தது. ஒருநாளும் அந்த மனுஷனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"மாப்ளே" என்றார்.

உள்ளே ஏதோ தட்டுப்பட்டு உருளும் சத்தம். "வாங்க மச்சான். ஒரு நிமிசம்..."

அவர் நிற்கவில்லை. படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பாண்டிராஜ் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து, மச்சான் முன்னால் வெறும் பனியனோடு இருக்கக்கூடாதென்று, சட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். இடது கை உள்ளே போய்விட்டது. வலது கை பாதியில் நின்று, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுங்கியது. அவசரத்தில் மரியாதைக்காக எழுந்திருக்கப் பார்த்தார்.

"இரிங்க இரிங்க. எந்திரிக்காதிய."

சுடலைமணி குனிந்தார். அந்தக் கையை முழங்கைக்குக் கீழே பதமாகத் தாங்கி, சட்டைக் கையை மெதுவாக ஏற்றினார். பாண்டிராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு சுடலைமணி கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். மனசு லேசாகிவிட்டிருந்தது.

கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது, பின்னால் வெளிச்சம் விழுந்தது.

படுதாவைத் தூக்கிப் பிடித்தபடி ஜெயபிரியா நின்றுகொண்டிருந்தாள். மாமாவுக்கென்று கொண்டுவந்த டீ டம்ளர் கையில் இருந்தது. அவள் அப்பாவின் தோளைப் பார்த்தாள், மாமாவின் விரல்களைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்பா, மாமா எதுக்கு உங்களுக்குச் சட்டை போட்டு விடுதாங்க?"